கெர்லோவுக்கு வந்த சுஜீதன்

— பொறு லக்சன், ஓடாதை. கேற்றில இருந்து சொல்லு. எப்பிடி உள்ளை போனனீ?

— என்னடா கேற்று, கேற்று எண்டு? அந்தாளைச் சந்திச்சனான், சுகமா இருக்கிறார், உன்னைக் கேட்டவர். நல்ல செய்தியை முதல்லையே சொல்லிப்போட்டன். பிறகென்ன?

— பதின்மூண்டு வருசமா அந்தக் கிறவுண்டை ஆர்ச்சி அங்கிளின்ர கடிதத்திலதான் பாத்திருக்கிறன். நீ கண்ணால பாத்திட்டு வந்திருக்கிறாய். ஆர்ச்சி அங்கிளைப் பிறகு சொல்லலாம். முதல்ல கேற்று.

— சரி, லிசன். கிளாஸ்கோவில இருந்து ரெண்டு ரெயின், பேந்து ஒரு பஸ். தர்ஷனாவின்ர தம்பியின்ர கலியாண வீட்டில என்ர மாமியாக்கள் எல்லாரும் என்னை விசரன் மாதிரிப் பாக்கினம். மாப்பிள்ளையின்ர அத்தான் தாலி செய்யிற அலுவலை விட்டிட்டு எங்கையோ மூலையில மட்ச் பாக்கப் போறாராம் எண்டு. கெர்லோவை ஒரு ஊரெண்டே சொல்லேலாது மச்சான். ஒரு றோட்டு, ஒரு சேர்ச், ஒரு மீன்பொரியல் கடை. மழை மேல இருந்து வரேல்லை, பக்கவாட்டில அடிக்குது. கேற்று ஒரு இரும்புச் சுத்து. ஆள் சரிஞ்சு நிண்டு தள்ளினாத்தான் உள்ளை போகலாம். நான் ஜக்கெற்றோட சிக்கிப்போனன். பின்னால நிண்ட கிழவி முதுகில ஒரு தள்ளுத் தள்ளினா.

— பச்சைக் கேற்று.

— பச்சைதான். கறள் பிடிச்ச பச்சை.

— "இந்த வருசமும் பெயின்ற் அடிக்கேல்லை" எண்டு ஒவ்வொரு வருசமும் எழுதுவார். சரி. பிறகு?

— ஏன்டா இஞ்சை இப்பிடிக் குளிருது? ஹீற்றரைப் போடன்.

— முன்வீட்டு வியட்நாம் அன்ரிக்குக் குடுத்திட்டன். அவவுக்கு முழங்கால் வருத்தம்.

— மே மாசம் தொடங்கி மெல்பேண் குளிரேக்கையோ ஹீற்றரைக் குடுக்கிறது? மற்றக் கதிரையையும் காணேல்லை.

— கட்டில்ல இரு. சொல்லு.

— ஸ்பிரிங்வேலில இதைவிட நல்ல அறை எடுக்கலாமடா. வெரிபீக்கு வா, எங்கட கறாஜைத் திருத்தித் தாறன் எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்?

— லக்சன். கிறவுண்ட்.

— சரி, சரி. கிறவுண்ட் எண்டா, எங்கட கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக் கிறவுண்டுக்கு நாலு பக்கமும் ஒரு கம்பி அடிச்சு விட்ட மாதிரி. ஒரு பக்கம் தகரக் கூரை. மற்றப் பக்கம் மதில், மதிலுக்கு அங்கால ஆட்டுப் பட்டி. பந்து மதிலுக்கு மேலால போனா ஒரு மனுசன் ஏணியோட போறார். சத்தியமா. ஏணியோட! குளிர் தாங்கேலாமல் நான் போய்க் கறுப்பா ஒரு தண்ணி வாங்கினனான், கோப்பி எண்டு நினைச்சு. வாயில வைச்சா மாட்டுச் சூப்பு.

— குடிச்சனியோ?

— வெள்ளிக்கிழமை இல்லைத்தானே. குடிச்சனான். சொல்லப்போனா ரெண்டு குடிச்சனான். தர்ஷனாவுக்குச் சொல்லாதை.

— ஆட்டம்?

— ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? நாலுக்கு ஒண்டு, உன்ர ரீம் டன்மோரி தோத்துது.

— ஸ்கோர் தெரியும். அவையின்ர பேஸ்புக்கில ஸ்கோரை மட்டும் போடுவினம், ஞாயிறு காலமை பாக்கிறனான்தானே. பதின்மூண்டு வருசத்தில எழுபது மட்ச் வெண்டிருக்காது. ஆனா நீ போன் எடுப்பாய், எப்பிடித் தோத்ததெண்டு சொல்லுவாய் எண்டு பாத்தனான். மூண்டு கிழமையா ஒரு மெசேச்சும் இல்லை.

— கலியாண அலுவலடா. பேந்து லண்டனில தர்ஷனாவின்ர சித்தியாக்கள் பிடிச்சு வைச்சிட்டினம். நேரில சொல்லுவம் எண்டுதான்... சரி, நான் ஒண்டு கேக்கிறன். அந்த ஃபோம் எங்கை? இன்னும் சைன் வைக்கேல்லைத்தானே?

— எந்த ஃபோம்?

— விளையாடாதை. இமிகிரேசன் குடுத்த ஃபோம். "என்ர விருப்பத்தோட இலங்கைக்குத் திரும்பிப் போறன்" எண்டு எழுதினது.

— நீ போகேக்கை குசினியில ஃபிரிட்ஜில ஒட்டியிருந்தது. கண்டனீதானே.

— கண்டனான். அதைக் கண்டிட்டுத்தான் வயிறெரிஞ்சுகொண்டு பிளேன் ஏறினனான். அகதிக் கேஸ் தோத்தாப்போல என்ன? வேற லோயரைப் பாப்பம். அங்கை போய் இறங்கினா ஏர்போட்டிலையே வைச்சு என்ன செய்வாங்களோ தெரியாது. உன்ர மனுசி யோகாவே வரவேண்டாம், அங்கையே இருங்கோ எண்டு சொல்லுறா. அதுக்கு மேல நீ ஏன்...

— நீ வந்து சொன்னாப் பிறகு பாப்பம் எண்டுதானே கதை. சொல்லு. ஆர்ச்சி அங்கிள் என்ன சொன்னவர்?

— அதைத்தான் சொல்ல வாறன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர், "சுஜீயைச் சைன் வைக்க வேண்டாம் எண்டு சொல்லு. பொறுமையா இருக்கச் சொல்லு. ஒருநாள் விசா வரும்" எண்டு.

— அப்பிடியே சொன்னவர்?

— அப்பிடியே.

— அந்தாள் எனக்கு எண்டைக்கும் புத்தி சொன்னதில்லை, லக்சன். வள்ளத்தில வந்து கிறிஸ்மஸ் தீவு அகதிக் கேம்ப்பில நான் கிடக்கேக்கை முகம் தெரியாத ஊர்ப்பட்ட சனம் கடிதம் போட்டது. பொறுமையா இரு, கடவுள் இருக்கிறார், நம்பிக்கையை விடாதை. எல்லாத்தையும் வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டனான். இந்தாள் மட்டும் முதல் கடிதத்தில என்ன எழுதினவர் தெரியுமோ? "இண்டைக்குக் கெர்லோவுக்குப் போனம். மூண்டு பூச்சியம் எண்டு தோத்தம். எங்கட கோல்கீப்பர் ஒரு தபால்காரன், ஆனா அவனுக்கு ஒண்டையும் கையில வாங்கத் தெரியாது." அவ்வளவுதான். கேம்ப்புக்குப் போய்ப் பத்து மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனான்.

— தெரியுமடா. நூறு தரம் சொல்லிட்டாய்.

— நூற்றியோராந்தரம் கேள். சொந்தக் கிறவுண்டில மட்ச் எண்டா ஆரும் வருவினமாம். ஊர் விட்டு ஊர் போய், மற்றவன்ர கிறவுண்டில, மற்றவன்ர மழையில நனைஞ்சு, தோத்துப்போய்த் திரும்பி வாறவன்தானாம் உண்மையான சப்போட்டர். "நீ எல்லாரையும் விட ஆகத் தூரத்தில நிக்கிற எங்கட சப்போட்டர்" எண்டு எழுதினவர். அண்டையில இருந்து எந்த ஊருக்குப் போனாலும் கம்பியில ரெண்டு ஸ்கார்ஃப் கட்டுவார். ஒண்டு அவருக்கு, மற்றது எனக்கு. "உன்ர இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறன், நீ ஆறுதலா வா" எண்டு.

— தெரியும் மச்சான்.

— தெரியாது உனக்கு. அந்த இமிகிரேசன் ஒஃபிசர் மாதத்துக்கு ஒருக்கா போன் எடுப்பான். அம்மா செத்தண்டு எடுத்தான். மகள் மிருணாளினி பெரியபிள்ளையானண்டும் எடுத்தான். யோசிச்சிட்டியோ, யோசிச்சிட்டியோ எண்டு. சைன் வைப்பம் எண்டு எத்தினை தரம் பேனையை எடுத்திருப்பன். ஒவ்வொருமுறையும், அங்கை ஒரு கிழவன் எனக்கெண்டு ஒரு முழக் கம்பியைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு மழையில நிக்கிறான், நான் போகாட்டி அந்தாள் ஏமாந்து போவான் எண்டு நினைச்சுப் பேனையை வைச்சிடுவன். வேற ஒண்டுக்காகவும் இல்லை. சரி, இதைச் சொல்லு. இடைவேளைக்கு என்ன செய்தனீங்கள்?

— இடைவேளைக்கோ? எல்லாரும் மற்றப் பக்கம் போறாங்கள்! நான் மட்ச் முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டன். பேந்துதான் விளங்கினது. டன்மோரி கோல் அடிக்கிற பக்கத்துக்குப் பின்னாலதானாம் டன்மோரிச் சனம் நிக்கிறது. இடைவேளைக்கு ரீம் பக்கம் மாற, சனமும் பக்கம் மாறுது. நடுவில வேலி இல்லை, பொலிஸ் இல்லை, ஒண்டும் இல்லை.

— ஓம். ஆர்ச்சி அங்கிள்?

— அவரும்தான். எல்லாரும் தகரக் கூரைப் பக்கத்தால சுத்திப் போனம். அவர் என்ர தோளில கையைப் போட்டுக்கொண்டு, கதைச்சுக் கதைச்சு...

— லக்சன்.

— என்ன?

— அந்தாள் தன்ர சனத்தோட நடக்கமாட்டார். எல்லாரும் ஒரு பக்கத்தால போக, அவர் தனிய மற்றப் பக்கத்தால போவார். எதிர்ச் சனம் முழுக்க முன்னுக்கு வரும்தானே. ஒவ்வொருத்தனுக்கும் கை குடுத்து, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நக்கல் விட்டு. ஆகக் கடைசியாத்தான் வந்து சேருவார். ரெண்டாவது பாதி தொடங்கி அஞ்சு நிமிசம் அவருக்கு எண்டைக்கும் தெரியாது. அதால எனக்கும் தெரியாது. காலில கம்பி வைச்ச வருசமும் அப்பிடித்தான் நடந்தவர்.

— அண்டைக்கு மழைதானே, அதால...

— லக்சன், என்ர முகத்தைப் பார். நீ அந்தாளைக் காணேல்லை.

— ஓம். காணேல்லை.

— சொல்லு.

— எப்பிடியடா சொல்லுவன்?

— வாயாலதான். சொல்லு.

— ஆர்ச்சி ஜனவரியில செத்துப்போனார் மச்சான். பனியில சறுக்கி விழுந்தவராம். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள்தான் கிடந்தவராம்.

— ம்.

— சுஜீ... நீ அழேல்லையோ?

— அழுது முடிஞ்சுது.

— இப்பத்தானே சொன்னன்.

— கடிதம் நிண்டது ஜனவரியிலதானே. நீ சொல்லு. உனக்கு ஆர் சொன்னது?

— அவையின்ர ஆக்கள். மொத்தம் பதினொரு பேர்தான், கோலுக்குப் பின்னால. நீ தந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு போனனான், ஆர்ச்சி என்னை அடையாளம் பிடிக்கட்டும் எண்டு. அவர் உனக்குப் பார்சல்ல அனுப்பின குங்குமச் சிவப்புத் தொப்பி. கம்பியில ரெண்டு ஸ்கார்ஃப் கட்டியிருக்கு. நான் கிட்டப் போய், ஆர்ச்சி எங்கை எண்டு கேக்க வாயைத் திறக்கிறன், டேவி எண்டு ஒரு பெரிய மனுசன், கதவு மாதிரி ஆள், என்ர தொப்பியைப் பாக்கிறான், என்ர நிறத்தைப் பாக்கிறான். பாத்திட்டு, "சுஜீ?" எண்டான்.

— நீ?

— நான் "இல்லை" எண்டுதான் சொல்ல வந்தனான்.

— சொன்னனியோ?

— அவன் அழுதிட்டானடா! அவ்வளவு பெரிய ஆம்பிளை. "மூண்டு மாசம் பிந்தி வந்திட்டாய் சுஜீ, ஆர்ச்சி போயிட்டார்" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுறான். மற்றப் பத்துப் பேரும் சுத்தி வந்திட்டினம். கடைசியாக் கதைச்சதும் உன்னைப் பற்றித்தானாம். சுஜீயின்ர இடத்தை விட்டிடாதையுங்கோ எண்டவராம். அந்தச் சனத்தின்ர முகத்துக்கு முன்னால நான் எப்பிடி "இல்லை" எண்டுவன்? சொல்லு பாப்பம். நீ எண்டாலும் சொல்லியிருக்கமாட்டாய்.

— நான் எண்டா சொல்லத் தேவையில்லை. நான்தானே சுஜீதன். "ஓம்" எண்டனீ.

— ஓம் எண்டனான்.

— உனக்குப் பாஸ்போர்ட் இருக்கு. வீடு இருக்கு. பிள்ளையள் வளருறதைக் கண்ணால பாக்கிறாய். நான் உன்னில ஒருநாளும் எரிச்சல் பட்டதில்லை, சத்தியமா. நீ பிளேனில வந்தனீ, நான் வள்ளத்தில வந்தனான், அது தலைவிதி எண்டு விட்டிட்டன். இந்த உலகத்தில எனக்கெண்டு ஒரு முழக் கம்பி இருந்தது. அதிலயும் நீதான் போய் நிண்டிருக்கிறாய்.

— மன்னிச்சுக்கொள்ளடா. வேணுமெண்டு செய்யேல்லை.

— தெரியும். அதுதான் இன்னும் எரியுது. சரி, விடாமல் சொல்லு. பிறகு என்ன கேட்டவை?

— வேண்டாம் சுஜீ.

— என்னைப் பற்றித்தானே கேட்டவை. எனக்குத் தெரியவேணும்.

— விசா கிடைச்சிட்டுதோ எண்டு கேட்டவை. கிடைக்காமல் இஞ்சை வந்து நிக்கேலாதெண்டு அவைக்கும் தெரியும். கிடைச்சிட்டுது எண்டனான்.

— ம்.

— மனுசி, பிள்ளை எங்கை எண்டு கேட்டவை. மெல்பேணுக்கு வந்திட்டினம் எண்டனான். என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் என்ர கதையையே சொன்னனான். வெரிபீயில வீடு, நாலு அறை, பின்வளவில கறிவேப்பிலை மரம்...

— மிருணாளினி?

— டேய்...

— மிருணாளினியைப் பற்றி என்ன சொன்னனீ?

— என்ர மூத்தவள் படிக்கிற பள்ளிக்கூடத்தைச் சொன்னனான். வயலின் பழகிறாள் எண்டனான்.

— வயலின்.

— ஓம்.

— நல்லா வாசிப்பாளோ?

— சுஜீ, போதுமடா.

— அவளை ஒரு வயசில விட்டிட்டு வந்தனான். இப்ப போனைக் குடுத்தாலும் வாங்கிறாளில்லை. "அந்த மாமாவோட நான் என்னத்தைக் கதைக்கிறது" எண்டு யோகாவைக் கேட்டவளாம். மாமாவாம்... சொல்லு, நல்லா வாசிப்பாள் எண்டு சொன்னனியோ?

— சொன்னனான். கைதட்டினவை. ஒரு மனுசி தன்ர பையைத் திறந்து பிள்ளைக்குக் குடு எண்டு இனிப்புத் தந்தவ. நான் அதைக் கிளாஸ்கோ ரெயினில வைச்சிட்டு இறங்கிட்டன், தெரிஞ்சுதான். எனக்கு அதைக் கொண்டுவர மனமில்லை.

— ரெண்டாவது பாதி எப்பிடி?

— பக்கம் மாறி நடந்தம். கெர்லோச் சனமும் தேடி வந்து எனக்குக் கை குடுத்தது. அவைக்கும் உன்ர கதை தெரியும், ஆர்ச்சி சொல்லியிருக்கிறார். பிறகு லவுட்ஸ்பீக்கரில சொன்னாங்கள், "அவுஸ்திரேலியாவில இருந்து சுஜீ வந்திருக்கிறார்" எண்டு. உன்ர பேரை முழுசாச் சொல்ல வெளிக்கிட்டுத் தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு... முழுக் கிறவுண்டும் கைதட்டினது. இருநூறு பேர் இருக்கும். மூண்டாம் நிமிசத்திலையே டன்மோரி அடிச்சுது. அந்த ஒரு கோல். ஏழு கிழமைக்குப் பிறகு அடிச்ச முதல் கோலாம். என்னைத் தூக்கிட்டினம். ஒரு பொம்பிளை வந்து போட்டோவும் எடுத்தவ. நான் மேல இருந்துகொண்டு அழுதனான் மச்சான். எல்லாரும் நினைச்சினம் நான் சந்தோசத்தில அழுறன் எண்டு.

— அந்தக் கோலை ஆர்ச்சி அங்கிள் கண்டிருக்கமாட்டார்.

— என்ன?

— மூண்டாம் நிமிசம் எண்டாய்தானே. அவர் கை குடுத்துக்கொண்டு நிண்டிருப்பார்.

— இந்தா. இதை உன்னட்டைத்தான் தரவேணும். கம்பியில இருந்து கழட்டித் தந்தவை. உன்ர ஸ்கார்ஃப்.

— ஏன் கழட்டினவை?

— நீதான் வந்திட்டியே. இனி இடம் பிடிச்சு வைக்கத் தேவையில்லையெண்டு. ஆர்ச்சியின்ரை மட்டும் இனித் தனியக் கட்டுவினமாம். நான் எழுதிறன் சுஜீ. இண்டைக்கே எழுதிறன். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, உண்மையான சுஜீதன் இன்னும் ஸ்பிரிங்வேலிலதான் இருக்கிறான், இடத்தைத் திரும்பப் பிடியுங்கோ எண்டு...

— வேண்டாம். அதுகள் ஜனவரியில ஒராளைப் புதைச்சதுகள். இப்ப என்னையும் புதைக்கச் சொல்லுறியோ? அங்கை எண்டாலும் எனக்கு விசா கிடைச்சதாவே இருக்கட்டும். பிள்ளை வயலின் வாசிக்கட்டும்.

— அப்ப ஸ்கார்ஃபையாவது பிடி. குளிருக்குப் போடு.

— நீ வைச்சிரு. கிளிநொச்சி வெயிலுக்கு என்னத்துக்கு ஸ்கார்ஃப்?

— என்ன கதைக்கிறாய்? டேய், விசர்க்கதை கதைக்காதை. அந்த ஃபோம் எங்கை? குசினியிலதானே கிடக்குது? இப்பவே போய்க் கிழிச்சு எறியிறன்.

— போய்ப் பார்.

— சுஜீ! ஃபிரிட்ஜில ஒண்டும் இல்லையடா. காந்தம் மட்டும்தான் ஒட்டிக்கொண்டு கிடக்குது. ஃபோம் எங்கை? ஹீற்றர் எங்கை? மற்றக் கதிரை எங்கை? கட்டிலுக்குக் கீழ கிடக்கிறது ஆரின்ர சூட்கேஸ்?

— கத்தாதை. வாற வியாழக்கிழமை பிளேன்.

— நான் வந்து சொல்லும் வரைக்கும் பொறுக்கிறன் எண்டனீ! சத்தியம் பண்ணினனீ!

— பொறுத்தனான். நீ கெர்லோவுக்குப் போன சனிக்கு அடுத்த நாள், ஞாயிறு, விடிஞ்சதில இருந்து பொழுது படும் வரைக்கும் போனைக் கையில வைச்சுக்கொண்டு இந்தக் கட்டில்லதான் இருந்தனான். "மச்சான், அது நானடா, பிழை விட்டிட்டன்" எண்டு எடுப்பாய், எடுப்பாய் எண்டு.

— அது நான் எண்டு... உனக்கு எப்பிடி... உனக்கு முதல்லையே தெரியுமோ?

— காலமை ஸ்கோர் பாக்கப் போனனான். ஸ்கோருக்கு மேல உன்ர படம் கிடந்தது. என்ர தொப்பியோட, என்ர ஸ்கார்ஃபோட, எல்லாரும் உன்னைத் தூக்கி வைச்சிருக்கினம். கீழ எழுதியிருந்தது: "ஆர்ச்சி இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பார். அவர் பிடிச்சு வைச்ச இடத்துக்கு எங்கட சுஜீ கடைசியா வந்து சேந்திட்டார்." அதுக்குப் பிறகு நான் எங்கை போறதுக்கெண்டு இஞ்சை காத்துக்கொண்டு கிடக்கிறது, லக்சன்? திங்கட்கிழமை விடியச் சைன் வைச்சனான்.